என் வீட்டுக்காரரின் தூக்கம்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரர் தூங்குவதைப் பார்த்து வயிறு எரியாத ஆளே கிடையாது. தலையணை வேண்டாம், பாய் வேண்டாம், விளக்கை அணைக்க வேண்டாம், சாய்ந்தால் போதும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே கேசரியைத் தின்றுவிட்டு நாற்காலியில் தூங்கிப்போன மனுஷன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாதான், “மனசுல கள்ளம் இருந்தா அடுத்தவன் வீட்ல இப்படித் தூக்கம் வருமா? இவனுக்கே குடுத்துடலாம்” என்றார். ஆக, எனக்குக் கல்யாணம் ஆனதே சாலமனுடைய தூக்கத்தால்தான்.

சென்னையில் பஸ் ஏறினால் எங்கள் ஊர் மரக்காணத்தில் இறங்கமாட்டார். பாண்டிச்சேரியில் கண்டக்டர் உலுக்கி எழுப்புவார். திரும்பி ஏறினால், நம்மூரைத் தாண்டிக் கடப்பாக்கம். “ஏங்க, ஊரு ரோட்டு மேலதான இருக்குது, ஒருவாட்டியாவது எறங்கக் கூடாதா?” என்று கத்துவேன். சிரிப்பார். தானே புயலில் ஊரே பள்ளிக்கூடத்தில் ஒண்டிக்கொண்டு ஜெபமாலை சொன்னபோது, எங்கள் மகள் ஆஷ்லினை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு குறட்டை விட்டவர் இவர். அந்தக் குறட்டையைக் கேட்டுத்தான் மற்றப் பிள்ளைகளும் பயம் தெளிந்து தூங்கின. அந்த ராத்திரி எனக்குக்கூடப் பயமில்லை.

கோயிலில்தான் என் மானம் போகும். எங்கள் பங்குக் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில்தான் உட்காருவோம். சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் இவர் தலை தொங்கிவிடும். அதற்காகவே நான் நடைபாதை ஓரமாக இடம் பிடிப்பேன். உப்பளத்தில் வேலை செய்கிறவள் முந்தானையில் கல் உப்புக்கா பஞ்சம்? முடிச்சிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுத்தைப் பார்த்து எறிவேன். திடுக்கென்று நிமிர்ந்து, “ஆமென்!” என்பார் சத்தமாக. சாமியாரே சிரித்துவிடுவார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆஷ்லின் நர்சிங் சேர்ந்த வருஷம் இவர் இறால் பண்ணைக்கு ராத்திரி வேலைக்குப் போனார். குட்டையில் தண்ணீரை அடித்துக் காற்று கலக்கிற மோட்டார் ராத்திரி முழுக்க ஓடவேண்டும். கரண்ட் போனால் உடனே டீசல் இன்ஜினைப் போட வேண்டும். கண் அசந்தால் தீர்ந்தது. இறாலெல்லாம் மேலே வந்து மூச்சு வாங்கி, விடிவதற்குள் செத்து மிதக்கும். இவருக்கு முன்னால் இருந்த ஆள் அப்படித்தான் ஒரு குட்டையையே சாகவிட்டு வேலை போனவன். அந்தப் பயம் இவருக்கு. “பகல்ல தூங்கிக்கறேன் இன்னாசி” என்று என்னிடம் சொன்னார். பகலில் எங்கே தூங்க? விடிந்தால் உப்பளம், மதியம் லாரிக்கு லோடு. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

முதலில் கோபம் வந்தது. என்னை அதட்டிக்கூடப் பேசாத மனுஷன் ரசத்தில் காரம் என்று தட்டை எறிந்தார். பிறகு அழுகை. டிவியில் சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்ததற்குத் தேம்பித் தேம்பி அழுதார். மகள் எந்த ஊரில் படிக்கிறாள் என்பது மறந்தது. லீவு நாளில் படுத்தாலும் தூக்கம் வரவில்லை, அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. ஐயோ, சாலமனுக்குத் தூக்கம் வரவில்லையா? கடலுக்கு அலை வரவில்லை என்றால் நம்பியிருப்பேன். “காதுக்குள்ள மோட்டார் ஓடுது இன்னாசி” என்று கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்குத் தலைவி சவரியம்மாள். ஜெபக் கூட்டம் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். “யாரோ செய்வினை வெச்சிட்டாங்கடி. முழு ராத்திரி ஜெபம் வெச்சா ஓடிடும்” என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. இவரை நடுவில் உட்காரவைத்து, சுற்றி நின்று கைதட்டிப் பாடினோம். இவர் தலை சாயும்போதெல்லாம் சவரியம்மாள், “தூங்காதப்பா சாலமன், சாத்தான் அப்படித்தான் இழுப்பான்” என்று உலுக்கினார். தூக்கம் தானாகத் தேடிவந்த ஒரே ராத்திரியில் பாட்டுப் பாடித் துரத்தினோம். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் உச்சி வெயிலில் அது நடந்தது. உப்புக் குவியல்கள் வரிசையாக வெள்ளை வெளேரென்று நின்றன. இவர் உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு அவற்றிடம் ஓடினார்.

“மேல வந்துடுச்சுங்க! பாரு, மூச்சு வாங்குது! எல்லாம் சாவப்போவுது!”

“ஏங்க, அது உப்புங்க” என்று கையைப் பிடித்தேன்.

திரும்பிப் பார்த்தார். இருபது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணின கண்களில் நான் இல்லை. “யாரு நீ? நீதான மோட்டார நிறுத்தின?” என்று பலகையை ஓங்கினார். நான் நகரவில்லை. எப்படி நகராமல் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. ஓங்கிய கை தானாக இறங்கியது. பாத்தித் தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டு, “மோட்டார் நின்னா இறால் செத்துடும், ஓடினா நான் செத்துடுவேன். ஏதாவது பண்ணும்மா” என்று என் காலைப் பிடித்தார்.

அன்றைக்கே ஆஷ்லினை வரவழைத்துப் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண். “கடைசியா எப்பம்மா நல்லா தூங்கினாரு?” என்றுதான் முதலில் கேட்டாள். இத்தனை பேரில் ஒருத்தராவது அதைக் கேட்டோமா? பிறகு, “முன்னாடியெல்லாம் எப்படித் தூங்குவாரு?” என்றாள்.

அவ்வளவுதான். பெண் பார்த்தது, கேசரி, கடப்பாக்கம், புயல், கல் உப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாதியில் சிரித்தேன், மீதியில் அழுதேன். “அம்மா, வெளிய ஆளுங்க நிக்கறாங்க” என்று ஆஷ்லின் இடித்தாள். டாக்டர் அவளைக் கையமர்த்திவிட்டு முழுசாகக் கேட்டாள். “ரொம்ப நாள் தூங்காம விட்டா மனசு நிலைகொள்ளாதும்மா. முழிச்சுக்கிட்டே கனவு காணும். கோபம், அழுகை, சந்தேகம் எல்லாம் வரும். முதல்ல தூங்க வெப்போம். மத்தத ஒவ்வொண்ணா பாப்போம்” என்றாள்.

வார்டில் வைத்துப் பார்த்தார்கள். பண்ணை வேலையை விட்டாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு உப்புக் குவியல் உப்புக் குவியலாகவே தெரிந்தது, நான் நானாகவே தெரிந்தேன். ஆனால் அந்தப் பழைய தூக்கம் வரவில்லை. மாத்திரை போட்டால் அசையாமல் கிடப்பார். குறட்டை இல்லை. எத்தனை தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருப்பேன்! திடீரென்று விழித்து, சுவரில் மோட்டார் சுவிட்சைத் தேடித் தடவுவார். கோயிலுக்குக் கூப்பிட்டால், “எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க” என்று சுருண்டுகொள்வார். பக்கத்தில் படுத்திருக்கிறவரை நினைத்தே எனக்கு ஏக்கமாக இருந்தது. நாற்காலியில் தூங்கின அந்த மாப்பிள்ளை இனி வரமாட்டான் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

மாசங்கள் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை அவராகவே வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நானும் பின்னாலேயே கிளம்பினேன். கோயிலில் பழைய இடத்திலேயே, தூணில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தார். நல்ல நீளப் பிரசங்கம், அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். பாதியில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் மெல்ல. அப்புறம் பழைய மாதிரி, டிராக்டர் மேடேறுகிற மாதிரி.

பிள்ளைகள் சிரித்தன. சவரியம்மாள் திரும்பி, எறி என்று எனக்குத் தாடையால் ஜாடை காட்டினார். பழக்க தோஷம், என் கையும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கல் உப்பை எடுத்துவிட்டது. எடுத்ததை என் வாயில் போட்டுக்கொண்டேன். சவரியம்மாளை நான் பார்த்த பார்வையில் அவர் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்தார்கள். இவருக்குத் துணையாக நானும் எழவில்லை. சாமியார் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மைக்கைத் தள்ளிவைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து கோயில் காலியானது. கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் அருள்பிரகாசம் சாவிக்கொத்தோடு வந்து, “பூட்டணுமே இன்னாசி” என்றார்.

“பூட்டிக்கிட்டுப் போங்க. நாங்க உள்ளயே இருக்கறோம்.”

அவர் இவரைப் பார்த்தார். சாவிகள் சத்தம் போடாதபடி கைக்குள் இறுக்கிக்கொண்டு, இவர் தலைக்கு மேல் இருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் ஜன்னலுக்கு ஜன்னல் நகர்ந்தது. மதியம் போய்ச் சாயங்கால மணி அடித்தபோது திடுக்கென்று நிமிர்ந்தார்.

“ஆமென்!”

காலிக் கோயிலில் அது நாலு பக்கமும் போய்த் திரும்பி வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். கை சுவிட்சைத் தேடவில்லை.

“எல்லாரும் போயிட்டாங்களா? ஏண்டி, உப்பு எறியக் கூடாதா?”

“உப்பு தீந்துடுச்சுங்க” என்றேன்.