கடைசி மூன்று வரி

நாலாயிரத்து எழுநூற்று இருபது. என் மனைவியின் தம்பி எனக்குத் தர வேண்டியிருந்த தொகை. அதற்காக இரண்டு வருடம் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

நான் டைல்ஸ் சுமப்பவன், அவன் ஒட்டுபவன். ஒரு நாலு மாடி வேலை முடிந்ததும் காண்ட்ராக்டரிடம் மொத்தமாக வாங்கி, என் பங்கையும் ஒரு கணக்குத் தாளையும் கொண்டுவந்து கொடுத்தான். எண்ணிப் பார்த்தேன். பேசிய கூலியில் அவ்வளவு குறைந்தது.

"தாள்ல எல்லாம் இருக்கு மாமா, சொல்றதக் கேளுங்க."

"எழுத்து தெரியாதவன்னு தலையில மிளகா அரைக்கிறியா?" தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. நானே படித்து அவன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தது அதற்காகத்தான். வேறு ஆசை எதுவும் இல்லை.

டீச்சருக்கு என் மகள் வயது. எழுத்துக் கூட்டப் பழகியதும், தினமும் வகுப்பு முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது புத்தகத்தை மூடச் சொல்வார்.

"இன்னைக்கு எங்க தடுமாறினீங்க, ஏன் தடுமாறினீங்க? மூணு வரி எழுதுங்க."

"நாள் பூரா பெட்டி தூக்கிட்டு வரேன் டீச்சர். தப்புப் பண்ணதை வேற எழுதி வைக்கணுமா? யாரு படிக்கப்போறா?"

"நான் படிக்க மாட்டேன். நீங்கதான்."

பக்கத்தில் இருந்த சலவைக்கார அம்மா சிரித்தார். "அவரு படிக்கிறதுக்குள்ள நோட்டு செல்லரிச்சுப் போயிரும்."

திட்டிக்கொண்டேதான் எழுதினேன். சில நாள் ஒரு வரியோடு தூங்கிவிழுந்தேன்.

வகுப்பில் சேர்ந்த எட்டாவது மாதம், வேலை விட்டு வந்து அந்தக் கணக்குத் தாளை விரித்தேன். நாள் கணக்கு, கூலி, மொத்தம். பேசியபடியே எழுதியிருந்தான். அப்படியென்றால் கொடுத்ததில்தான் குறைத்திருக்கிறான்.

"உன் தம்பி மாட்டிக்கிட்டான். அவன் கையெழுத்திலேயே இருக்கு" என்றேன் மனைவியிடம். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் நேரே அவன் வீட்டுக்குப் போவது என்று தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து டீச்சர், "இன்னைக்கு எழுத வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து நீங்க எழுதினதைப் படிங்க" என்றார்.

படித்தேன். 'முதல் வரி படித்தேன். மீதியை நானாகச் சொன்னேன். தப்பு.' நாலு பக்கம் தள்ளி, 'பாதியில் புரிந்துவிட்டது என்று நிறுத்தினேன். கதை வேறு.' இன்னொரு நாள், 'எனக்கு வேண்டியது கிடைத்ததும் மூடிவிட்டேன்.' விரல் விட்டு எண்ணினேன். பதினோரு இடம். டீச்சர் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. எல்லாம் என் கையெழுத்து.

சட்டைப்பைத் தாளை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் மூன்று வரி இருந்தது.

'உடைந்த டைல்ஸுக்குக் காண்ட்ராக்டர் பிடித்தது, ஒன்பதாயிரத்து நானூற்று நாற்பது. மாமா பங்கு பாதி. என் பங்கு பாதி.'

மூன்றாம் மாடிப் படியில் இரண்டு பெட்டியோடு நான் விழுந்தது ஞாபகம் வந்தது. காண்ட்ராக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரும் கணக்கு வைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். மனைவியின் தம்பி அன்று படிப் பக்கமே இல்லை. கீழே தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான்.

அன்று அவன் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வாரக் கூலி சேர்த்துக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து விரலில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, வழி தெரிஞ்சுதா?"

"பின்பக்கம் இப்பதான் மாப்ள படிச்சேன். ஒடைச்சது நான். உன் பாதியும் என்னுதுதான்." பணத்தை நீட்டினேன். எதையும் பாதியில் நிறுத்துவதே என் பழக்கம் என்று வகுப்பு நோட்டில் பார்த்ததையும் சொன்னேன்.

வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டான்.

"வட்டி?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் உங்க கோவத்தைக் கேட்காம நிம்மதியா இருந்தேன். அதுல கழிச்சுக்கிட்டேன்."

எண்ணினான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"ஒரு தடவை எண்ணினாப் போதாதா?"

"பாதியில நிறுத்தக் கூடாதுன்னு இப்பதானே நீங்க சொன்னீங்க" என்றவன், கடைசி நோட்டையும் எண்ணிவிட்டு, "சரியா இருக்கு" என்றான்.