ஒஷாவாவுக்கு வேறு வீதம்

பெப்ரவரி மாதத்து வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிரதீபா, ரொறன்ரோவுக்கு வெளியே ஒஷாவாவில் விலைக்கு வந்திருந்த ஒரு பழைய வீட்டின் விபரத்தைக் கொம்பியூட்டரில் திறந்தாள். மூன்று அறை, ஒடுக்கமான முற்றம், வருடத்துக்கு வீட்டு வரி ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் டொலர். அந்த எண்ணைப் பதியப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் அதற்குப் பக்கத்துத் தெருவில், கட்டி முடிகிற தறுவாயில் இருந்த ஒரு புது வீட்டுக்கு அவள்தான் வரியைக் கணித்துக் கொடுத்தாள். இதைவிடப் பெரிய வீடு. அதற்கு அவள் போட்டிருந்தது மூவாயிரத்து இருநூறு.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பல்வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வீட்டுக்கடன் அலுவலகம். நடத்துகிறவர் அருள்நாயகம். பிரதீபா அங்கே சேர்ந்து இரண்டு வருடம். வீடு வாங்க வருகிறவர்களின் சம்பளம், கடன், வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, வங்கி எவ்வளவு கொடுக்கும் என்று சொல்வது அவள் வேலை. பழைய வீடென்றால் வரி எவ்வளவு என்று விபரத்திலேயே இருக்கும். புது வீட்டுக்கு இராது. வீட்டின் மதிப்பை எடுத்து, அந்த ஊரின் வரி வீதத்தால் பெருக்கி, உத்தேசமாக ஒரு தொகை போட வேண்டும்.

பழைய பைலைத் திறந்தாள். வீட்டின் மதிப்பு சரியாக இருந்தது. கீழே வீதம் என்ற பெட்டியில் இருந்தது ரொறன்ரோவின் வீதம். ஒஷாவாவின் வீதம் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஒஷாவாவின் வீதத்தால் திரும்பவும் பெருக்கினாள். ஆறாயிரத்துச் சொச்சம். இன்னொரு தரம் பெருக்கினாள். அதே ஆறாயிரம்.

அந்த பைல் மரியரட்ணம், தவமணி என்ற கணவன் மனைவியுடையது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ரில் பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருப்பவர்கள். அவர் பேக்கரியில் மாவு குழைக்கிறவர். மனைவிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. ஐம்பதாயிரம் டொலர் டிபொசிற் கட்டி, கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனைகூடப் போடாமல் கையெழுத்து வைத்தாயிற்று. பதினொரு நாளில் வீடு கைமாறவேண்டும். வங்கி கடனுக்குச் சம்மதித்ததே அந்த மூவாயிரத்து இருநூறை நம்பித்தான். சரியான வரியைப் போட்டால் அவர்களுடைய மாதச் செலவு வங்கியின் எல்லையைத் தாண்டிவிடும். கடன் இல்லையென்றால் வீடு இல்லை. வீடு வாங்காவிட்டால் டிபொசிற்றும் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. தவமணி.

“தங்கச்சி, வேலையோ? ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தனான். மேலறை ஜன்னலுக்குக் கேட்டின் துணி வாங்க வந்து நிக்கிறம். ஜன்னல் அளவு உங்களிட்டை இருக்கோ?”

“இல்லை அக்கா. அது கட்டுறவையிட்டைத்தான் கேக்கவேணும்.”

“ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? தடிமனோ?”

“ஓம் அக்கா, கொஞ்சம்,” என்றாள் பிரதீபா. போனை வைத்துவிட்டு அந்த பைலை எடுத்துக்கொண்டாள்.

அருள்நாயகத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வீதப் பெட்டியைச் சுட்டிக்காட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் பைலை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேற்பக்கத்தைத் தேய்த்தார்.

“இதை வேறை ஆருக்கும் சொன்னனீரோ?”

“இல்லை அண்ணை.”

“சொல்லவேண்டாம். வங்கி ஓம் எண்டிட்டான். புது வீடு, முதல் வருசம் வெறுங் காணிக்குத்தான் வரி வரும். அது சின்னக் காசு. அவன் திரும்பித் தோண்டப்போறதில்லை.”

“பிறகு வீட்டை மதிப்புப் போட்டு, முந்தின வருசத்துக்கும் சேர்த்து ஒரேயடியா அனுப்புவாங்களே அண்ணை. அவை எங்காலை கட்டுறது?”

“அப்ப சம்பளம் கூடியிருக்கும். ஆக்கள் எப்பிடியோ கட்டித்தான் இருக்கினம். இப்ப நீர் வாயைத் திறந்தால் அவையின்ரை டிபொசிற் போகும், உம்மடை லைசென்ஸ் போகும், என்ரை பெயரும் போகும். யோசியும்.”

அவர் அதட்டவில்லை. தணிந்த குரலில்தான் சொன்னார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அவரும் பயந்திருக்கிறார் என்று விளங்கியது.

அன்றும் மறுநாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு தவமணி ஒரு கடித உறையைக் கிழிப்பது அவள் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அப்படி வரும் கடிதத்தில் தன்னுடைய பெயர் எங்கும் இராது, யார் செய்த பிழை என்று அவர்களுக்குத் தெரியவும் வராது என்று நினைத்தபோது ஒரு கணம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வெக்ஸ்போர்ட்டுக்குக் காரை விட்டாள்.

ஏழாம் மாடி. கதவைத் திறந்த தவமணி, “தடிமனோடை ஏன் வந்தனீங்கள்? வாங்கோ, வாங்கோ” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஹோலில் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. மரியரட்ணம் தரையில் இருந்து ஒரு பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். தவமணி தேத்தண்ணி வைக்கத் திரும்பினாள்.

“வேண்டாம் அக்கா. இருங்கோ. முதல் நான் சொல்லுறன்.”

நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் எழும்பமுடியாது போலிருந்தது. தான் எந்தப் பெட்டியில் எந்த எண்ணை மாற்ற மறந்தாள் என்பதிலிருந்து, அருள்நாயகம் என்ன சொன்னார் என்பது வரை ஒன்றையும் விடவில்லை.

பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள்.

“அப்ப ஐம்பதாயிரமும் போயிட்டுதோ?” தவமணியின் குரல் மெல்லிய கீச்சாக வந்தது. “இவர் பதினொரு வருசம் விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பி உழைச்ச காசு, பிள்ளை.”

“இன்னும் போகேல்லை அக்கா. போகலாம். அதுதான் சொல்ல வந்தனான்.”

“ரொறன்ரோவிலைதானே வீட்டு விலை கூட. விலை குறைஞ்ச ஊரிலை ஏன் வரி கூட? எனக்கு உது விளங்கேல்லை.”

“ரோட்டு, பொலிஸ், குப்பை எண்டு எல்லா ஊருக்கும் செலவு இருக்கு அக்கா. இஞ்சை வீட்டு மதிப்பும் கூட, பெரிய பெரிய கட்டடங்களும் சேர்ந்து கட்டுது. அதாலை வீதம் குறைவு. அங்கை அந்தச் செலவை எடுக்க வீதத்தைக் கூட்டவேண்டிக் கிடக்கு. எனக்கு இது தெரியும். தெரிஞ்சிருந்தும் பிழை விட்டிட்டன்.”

தவமணி அழத் தொடங்கினாள். மரியரட்ணம் நாடாச் சுருளைக் கீழே வைத்தார். எழும்பி வந்து கன்னத்தில் அறைவார் என்றே பிரதீபா நினைத்தாள். அறைந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

“மாசம் எவ்வளவு கூட வருது?” என்று கேட்டார்.

“இருநூற்று முப்பது, இருநூற்று நாப்பது.”

“அதை நாங்கள் கட்டலாம். நான் ஞாயிற்றுக்கிழமையும் போனால் கட்டலாம். வங்கி என்ன சொல்லும்?”

“வங்கி ஞாயிற்றுக்கிழமையைப் பாக்காது அண்ணை. கையிலை இருக்கிற சம்பளத் துண்டையும் கடனையும்தான் பாக்கும். ஏதாவது ஒரு கடனைக் குறைச்சால்...” அவள் பையிலிருந்து பைலை எடுத்தாள். வியாழக்கிழமையிலிருந்து பயத்தில் திறக்காமல் இருந்த பக்கத்தை இப்போதுதான் முதல் தடவை ஒழுங்காகப் பார்த்தாள். “உங்கடை வானுக்கு மாசம் நானூற்றிப் பத்துக் கட்டுறியள். இன்னும் எவ்வளவு கிடக்கு?”

“ஏழாயிரத்து எண்ணூறு.”

“அதை முழுசாக் கட்டி முடிச்சால் எல்லைக்குள்ளை வரும். வருமெண்டு நினைக்கிறன். சத்தியமாச் சொல்ல ஏலாது.”

மரியரட்ணம் மனைவியைப் பார்த்தார். வீட்டுக்குக் கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை வாங்கவென்று அவர்கள் எண்ணாயிரம் தனியாக வைத்திருந்தார்கள். கடையில் போய்ப் பார்த்து, எது எதென்று தெரிவுசெய்தும் வைத்தாயிற்று.

தவமணி முகத்தைத் துடைத்தாள். “நிலத்திலை படுப்பம்,” என்றாள். பிறகு பிரதீபாவை நேரே பார்த்து, “ஆனால் உங்களிலை எனக்குக் கோவம் இருக்கு, தங்கச்சி. இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன்.”

“ஓம் அக்கா.”

திங்கட்கிழமை மரியரட்ணம் வான் கடனைக் கட்டி முடித்து, கட்டி முடித்த கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பிரதீபா சரியான வரித்தொகையையும் அந்தக் கடிதத்தையும், பிழை தன்னுடையது என்று தன் பெயரில் எழுதிய குறிப்பையும் வங்கிக்கு அனுப்பினாள். அனுப்பும் முன் அருள்நாயகத்திடம் காட்டினாள். அவர் வாசித்து முடித்துவிட்டு, “நீர் செய்யிறதைச் செய்யும்,” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் பதில் இல்லை. தவமணி ஒரு நாளைக்கு நான்கு தரம் போன் எடுத்தாள். “வந்ததோ?” என்ற ஒரு சொல்தான் கேட்பாள். “இன்னும் இல்லை அக்கா.” உடனே வைத்துவிடுவாள். அந்தப் பழைய சிரிப்பும் ஜன்னல் கதையும் இல்லாமல் போயிருந்தன.

வெள்ளிக்கிழமை மூன்று மணி தாண்டி மின்னஞ்சல் வந்தது. பிரதீபா அதைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தாள். வங்கி சம்மதித்திருந்தது. கடன் தொகையில் மாற்றமில்லை.

மரியரட்ணத்துக்குத்தான் போன் எடுத்தாள். அவர் பேக்கரியிலிருந்து வந்து நித்திரையில் இருந்தார் போலும், குரல் கரகரத்தது. செய்தியைக் கேட்டுவிட்டு, “இஞ்சை, வீடு கிடைச்சிட்டுதாம்” என்று அப்பால் திரும்பிச் சொன்னார். தவமணி ஏதோ சொன்னது தெளிவில்லாமல் கேட்டது. “மனிசி உங்களை இனியாவது சாப்பிடச் சொல்லுறா,” என்றார் அவர்.

திங்கட்கிழமை வீடு கைமாறியது. அவர்கள் சாவி வாங்கிய நேரம் பிரதீபா தன் மேசையில் இருந்தாள். பயம் விட்டுவிடும் என்று நினைத்திருந்தாள், விடவில்லை. பத்து நாளாக அவள் செய்யப் பயந்து தள்ளிவைத்த வேலை ஒன்று இருந்தது. வரி கணிக்கும் அந்தப் பக்கத்தை அவள் போன நவம்பரில்தான் புதிதாக அமைத்திருந்தாள். வீதப் பெட்டியில் ரொறன்ரோ எண் தானாக வந்து நிற்கும்படி வைத்ததும் அவள்தான்.

நவம்பருக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வெளியே வாங்கியவர்கள் பதினான்கு பேர். அவர்களில் மரியரட்ணத்தை விட்டால் புது வீடு வாங்கியவர்கள் மூன்று பேர்தான். முதல் பைல் சரி, வீதத்தை மாற்றியிருந்தாள். இரண்டாவதும் சரி. மூன்றாவது, பிறம்ரனில் வாங்கிய ஜஸ்ரின். களஞ்சியத்தில் வேலை செய்யும் பொடியன், மனைவி, சின்னக் குழந்தை. வீதப் பெட்டியில் ரொறன்ரோ எண் நின்றது. அவர்கள் ஜனவரியிலேயே குடி போய்விட்டார்கள். அங்கே திருத்தி அனுப்ப எதுவும் இல்லை. வரப்போகும் கடிதத்தைப் பற்றி இப்போதே சொல்லி வைக்கலாம், மாதாமாதம் ஒதுக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

அருள்நாயகத்தின் கதவு திறந்திருந்தது. அவர் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

அவள் இலக்கத்தை அழுத்தினாள்.

“ஜஸ்ரின், நான் பிரதீபா கதைக்கிறன். இப்ப கொஞ்சம் கதைக்கலாமோ?”

“ஓம் அக்கா, சொல்லுங்கோ,” என்றான் அவன் சந்தோசமாக.