பவுனம்மாளின் இலவசப் பெரட்டு

நாகையாவின் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. அவருடைய நம்பரை யாரும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்கள். கேஸ்காரன் நம்பர், கறிக்கடை நம்பர், பிள்ளைக்கு டியூஷன் எடுக்கிற டீச்சர் நம்பர் எல்லாம் சுவரில் கிறுக்கியிருக்கும் வீட்டில்கூட, சவப்பெட்டிக்காரன் நம்பர் இருக்காது. விலாச அட்டையை நீட்டினால், நீட்டிய கையையே வியாதி மாதிரி பார்ப்பார்கள். ஒருவர் அதை வாங்கி, கிள்ளான் ஆற்றுப் பாலத்திலிருந்து கீழே எறிந்துவிட்டார். அட்டை மிதந்துகொண்டே போர்ட் கிள்ளானுக்குப் போய், அங்கே கப்பலில் செத்துக் கிடந்த ஒரு சமையல்காரனுக்கு உபயோகப்பட்டது என்று நாகையா சொல்வார். சிரிக்காமல் சொல்வார்.

அதோடு அவருடைய பழைய நம்பர் மூன்றில் தொடங்கியது. மூன்றில் தொடங்கினால் கிள்ளான் என்று எல்லாருக்கும் தெரியும். பூச்சோங்கில் ஒரு சாவு என்றால், கிள்ளான்காரன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் காரியமே முடிந்துவிடும் என்று நினைத்து, உள்ளூர் தம்புசாமியைக் கூப்பிட்டார்கள். தம்புசாமி செங்கல் கனத்தில் ஒரு ஹேண்ட்போன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கமாகவே சாய்ந்து நடந்துகொண்டிருந்தான். அது தொண்ணூற்றாறாம் வருஷம்.

எந்த ஊர் என்றே தெரியாத நம்பர் ஒன்று கிடைக்கிறது என்று பத்திரிகையில் பார்த்து, நாகையா சம்சாரம் நல்லம்மாளையும் கூட்டிக்கொண்டு டெலிபோன் ஆபிஸுக்குப் போனார். கவுண்ட்டரில் சந்திரகலா என்ற பெண் இருந்தாள்.

"ரெண்டு மாதிரி இருக்கு அங்கிள். ஒன் த்ரீ ஹண்ட்ரட்னா, எங்கேர்ந்து கூப்பிட்டாலும் லோக்கல் கால் காசுதான். அத அவங்க கட்டணும். ஒன் எய்ட் ஹண்ட்ரட்னா அவங்களுக்கு ஃப்ரீ. பொதுப் போன்ல காசே போட வேணாம். பில்லு உங்களுக்கு வரும்."

"இதுல என்னம்மா யோசன? மொதல்ல சொன்னத குடு" என்றாள் நல்லம்மாள்.

"சாவு வீட்டுல எவன் சில்லறை தேடிக்கிட்டு நிப்பான்?" என்றார் நாகையா.

"தேடட்டுமே. இருவது காசு தேடாதவன் பொட்டிக்கு எங்க தேடுவான்? ஓசின்னா ஊரே கூப்புடும் லா. சாவாதவனும் கூப்புடுவான்."

நாகையாவுக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது. இலவச நம்பரையே கேட்டார். சந்திரகலா கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"லேசா மனசுல நிக்கிற நம்பரெல்லாம் போயிடுச்சு அங்கிள். ஒண்ணுதான் கெடக்கு, கடைசியில நாலு தடவ நாலு. ஆனா வேணாம். சீனங்க ஒருத்தரும் தொட மாட்டாங்க. நாலுன்னா அவங்களுக்கு சாவு."

"எனக்கு அது தொழிலு" என்றார் நாகையா. "போட்டுரும்மா."

தமிழ்ப் பத்திரிகையில், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்திலேயே கட்டம் போட்டு நம்பரை வெளியிட்டார். அன்றைக்கே போன் அடித்தது. வடக்குக் கோடியில் கிளந்தானிலிருந்து ஒருவர், ரைஸ் குக்கர் ரிப்பேர் செய்வீர்களா என்றார். கடலுக்கு அந்தப் பக்கம் சண்டக்கானிலிருந்து ஒருவர், கிள்ளானில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்தார். நாலு நம்பர் லாட்டரி எழுதுகிறவர்கள், நேற்று தூக்கின பிணத்துக்கு வயது என்ன, வண்டி நம்பர் என்ன என்று விசாரித்தார்கள். ரவூப்பில் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதிப் பரிசு விழுந்து, அந்தப் பணத்தில் கல்யாணம் செய்துகொண்டு, மூன்றாம் மாதம் மறுபடியும் கூப்பிட்டு, தன்னையே ஒரு பெட்டியில் போட்டு எடுத்துப் போகச் சொன்னாராம். இதையும் நாகையா சிரிக்காமல் சொல்வார். சாவுச் செய்தி மட்டும் பழையபடி நேரில்தான் வந்தது. சீனர்களின் பயம் தமிழர்களுக்கும் தொற்றியிருந்தது; அத்தனை நாலைச் சுற்றித் தன் வீட்டுச் சாவைச் சொல்ல எந்தக் கைக்கும் துணிவில்லை.

பவுனம்மாள் கூப்பிட்டது ஒரு விடியற்காலை.

"தம்பி, இது காசு கேக்காத போனா?"

"ஆமாம்மா. யாரு தவறிட்டாங்க?"

"இன்னும் யாரும் இல்ல. நாந்தான் போகணும். முன்னாடியே சொல்லி வைக்கலாமா?"

முன்பதிவு அந்தத் தொழிலில் கிடையாது. உயிரோடு இருக்கிறவருக்குப் பெட்டி பேசுவது ஆகாது. அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா என்று நாகையா அதட்டினார். அவள் அதட்டலுக்கு மசியவில்லை.

ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். கம்பெனி அதை விற்றுக்கொண்டிருந்தது. தொழிலாளர் லயத்தில் பாதி வீடு காலி. மீதியில் பெரும்பாலும் வேற்று நாட்டு ஆட்கள், கூடச் சில தமிழ்க் குடும்பங்கள். பவுனம்மாள் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். மகன் சிங்கப்பூரில். போன வருஷம் பக்கத்து வீட்டுக் கிழவர் செத்துப்போனது, நாற்றம் எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"எனக்கு சாவறது பயமில்ல தம்பி. கெடக்கறதுதான் பயம்" என்றாள்.

நாகையா எத்தனையோ வீடுகளில் இப்படிக் கிடந்தவர்களைத் தூக்கியவர். அந்த வேலைக்குப் போகுமுன் மூக்கில் எதைத் தடவிக்கொள்வது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாய் தவறி அந்த வார்த்தை வந்துவிட்டது.

"தெனமும் காலைல ஒரு கால் போடுங்கம்மா. காசா பணமா? என்னைக்கு உங்க கால் வரலியோ, அன்னைக்கு நான் வண்டியோட வரேன்."

"பெரட்டு மாதிரி" என்றாள் பவுனம்மாள்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் எல்லாரையும் திடலில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். கூப்பிட்டதும், இருக்கேன் என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு அன்று வேலையில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் குரல் கொடுத்தவள். ஓய்வு கொடுத்த மறுநாளும் பழக்கத்தில் போய் நின்றாளாம். எல்லார் பெயரையும் கூப்பிட்டார்கள். அவள் பெயரைத் தாண்டிப் போனார்கள்.

அன்றிலிருந்து விடியற்காலை தோறும் போன் அடித்தது. நாகையா எடுத்து, பெரட்டில் பெயர் கூப்பிடுகிற தோட்டத்துக் கிராணி மாதிரி குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "பவுனம்மாள்" என்பார். "இருக்கேன்" என்று பதில் வரும். அவ்வளவுதான் முறை. ஆனால் இலவசமாகக் கிடைக்கிற போனை யார் அவ்வளவில் வைப்பார்கள்? முட்டிவலி, மூன்று நாள் மழை, கோழி ஒன்றைப் பாம்பு கொண்டுபோனது எல்லாம் வந்தது. போகப்போக லயத்தில் மிச்சமிருந்த மற்றக் கிழங்களும் தோட்டத்து முனையிலிருந்த பொதுப் போனுக்கு முன்னால் வரிசையில் நின்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. அவர் பெயரைக் கூப்பிடுமுன்பே இருக்கேன் என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்.

"ஊருல எல்லாரும் செத்தவனுக்கு வேல பாப்பான். நீங்க சாவாதவனுக்கு பில்லு கட்டுறீங்க" என்றாள் நல்லம்மாள். "தம்புசாமி கேட்டா வயிறு வெடிச்சி சாவான்."

"செத்தா நமக்கு ஒரு கேஸு" என்றார் நாகையா.

ஆனால் போன் அடிக்கக் கொஞ்சம் தாமதமானால் அவருக்குக் கோப்பி இறங்காது. நல்லம்மாள் அதைக் கவனித்து, ஆறின கோப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கினாள்.

ஒரு நாள் யாரிடமிருந்தும் போன் வரவில்லை. மழையாக இருக்கும் என்று இருந்தார். மறுநாளும் வரவில்லை. போன் கெட்டிருக்கலாம் என்று புத்தி சொன்னது; கிடக்கறதுதான் பயம் என்று சொன்ன குரல் காதிலேயே நின்றது. நாகையா வண்டியைக் கழுவினார், புதுத் துணி விரித்தார், நடுத்தர அளவில் ஒரு பெட்டியை ஏற்றினார். மூக்குக்குத் தைலத்தையும் எடுத்துக்கொண்டார்.

சவ வண்டி செம்மண் பாதையில் நுழைந்ததும் லயமே வெளியே ஓடி வந்தது. யார் வீட்டுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி எதற்கும் இருக்கட்டும் என்று முதலிலேயே அழ ஆரம்பித்தாள். காது கேட்காத கிழவர், தான்தான் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். வண்டி கடைசி வீட்டுக்கு முன்னால் நின்றது. அங்கே பவுனம்மாள் குந்தி உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

நாகையா வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கினார். "ஏம்மா போன் பண்ணல?"

"எவனோ போனு கைப்புடிய அறுத்துக்கிட்டு போயிட்டான் தம்பி. வெறும் ஒயருதான் தொங்குது."

அதற்குள் கோயில் செயலாளர் தங்கமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "யோவ், உசுரோட இருக்கற வீட்டு முன்னால பொணவண்டிய கொண்டாந்து நிறுத்தறியே, நீ மனுசனா? எங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்கு எதாச்சும் ஆவட்டும். அப்புறம் இந்த வண்டி இந்தப் பக்கம் வந்துச்சு, கொளுத்திப்புடுவோம்."

"அவர ஏன் வையிற? நான் வரச்சொன்ன ஆளு" என்றாள் பவுனம்மாள்.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்கதவைத் திறக்கச் சொன்னாள். துணியைத் தடவிப் பார்த்தாள். பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். "கால மடக்க வேண்டியதில்லையே?" என்று கேட்டாள். நாகையா இல்லை என்றார். பிறகு அவருக்குக் கோப்பி கலந்து கொடுத்தாள். வேலைக்குப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் அவர். அன்று டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டுக் குடித்தார்.

"சொன்ன மாதிரியே வந்துட்டீங்க" என்றாள் பவுனம்மாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "எனக்கு அது போதும். இனிமே இருட்டுல முட்டிய புடிச்சிக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்க வேணாம்."

"என்னம்மா சொல்றீங்க?"

"போன் வரலன்னா வருவேன்னு சொன்னீங்க. வரல, வந்தீங்க. அப்புறம் எதுக்கு போனு?"

"போன் வந்தாத்தானம்மா வரலன்னு தெரியும்" என்றார் நாகையா. அவர் வாழ்நாளில் அத்தனை கெஞ்சிப் பேசியதில்லை. "போன ரிப்பேர் பண்ணிருவாங்க. நான் எழுதிப் போடுறேன். நீங்க வழக்கம்போல…"

"வண்டி எப்படியும் வரும் தம்பி. கண்ணால பாத்துட்டேன்ல" என்று அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். நாகையா வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல், தொழில் முறைப்படியே வண்டியில் ஏறினார்.

சந்திரகலாவிடம் போய்ச் சொல்லி, பொதுப் போனைச் சீக்கிரமே சரிசெய்ய வைத்தார். போன் நன்றாக வேலை செய்தது. யாரும் அதைத் தொடவில்லை. பவுனம்மாள் சொன்னதை மற்றக் கிழங்களும் சரியென்று எடுத்துக்கொண்டார்கள். கிள்ளானில் விடியற்காலைகள் அமைதியாகிவிட்டன. கிளந்தான்காரரும் சண்டக்கான்காரரும் பகலில்தான் கூப்பிட்டார்கள். பில் பாதியாகக் குறைந்தது. நல்லம்மாள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவளும் அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடியே உக்காந்திருந்தா என்னான்னு தெரியும்? போயி பாத்துட்டு வந்துருங்க" என்றாள் ஒருநாள். "வண்டிய எடுக்காதீங்க. பஸ்ஸுல போங்க."

வெள்ளிக்கிழமை தோறும் நாகையா பந்திங் போகிற முதல் பஸ்ஸில் ஏறி, ஜெஞ்சாரோம் தாண்டி இறங்கினார். வண்டி இல்லாவிட்டாலும் முகம் இருக்கிறதே. அந்த முகத்தை லயத்தில் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் உள்ளே போவதில்லை. செம்பனை மரங்களுக்கு இடையில் ஒதுங்கி நின்று, கடைசி வீட்டு அடுப்படிக் கூரையைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் புகை வரும். பெரட்டு முடிந்தது என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஒரு மரத்தில் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்த ஆந்தை, கடைசியில் அவரை ஒரு செம்பனைக் கன்று என்றே முடிவுகட்டிவிட்டது என்று நல்லம்மாளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. புகை வந்ததா என்று மட்டும் கேட்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை புகை வரவில்லை.

விறகு நனைந்திருக்கலாம். பழைய சோறு இருந்திருக்கலாம். தூங்கியிருக்கலாம். நாகையா பஸ் ஒன்றைப் போகவிட்டார். இன்னொன்றையும் போகவிட்டார். வெயில் ஏறியது, கூரையிலிருந்து ஈரம் ஆவியாக எழுந்தது, ஒரு கணம் அதையே புகை என்று நினைத்து மூச்சு விட்டார். அது எல்லாக் கூரையிலிருந்தும் எழுந்துகொண்டிருந்தது.

உள்ளே போய் அவள் உயிரோடு இருந்துவிட்டால், பிணவண்டிக்காரன் வீடு தேடி வந்தான் என்கிற பழி அவள் மேல் விழும். தங்கமணி சும்மா விடமாட்டான். போகாமல் இருந்தால், எதற்காக அவள் அத்தனை நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாளோ, அதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். நாகையா சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டார். மரங்களிலிருந்து வெளியே வந்து செம்மண் பாதையில் நடந்தார்.

முதல் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டில் ஒரு கை ஜன்னலை இழுத்து மூடியது. தங்கமணி வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றான். நாகையாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயைக்கூடக் கொப்பளிக்காமல் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான். நாகையா நடக்க நடக்க, சவம் போகிற தெருவில் சாத்துவதுபோல, லயத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே போனது.

கடைசி வீட்டுக் கதவை மட்டும் யாரும் சாத்தவில்லை.