பதினேழாம் எண் வெப்பமானி

திருச்சி விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டை வருவதற்குள் இளமதி மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும் வேறு எதையோ சொல்லி மூடிக்கொண்டாள். முதலில் வெயிலைப் பற்றி. அடுத்து தான் வேலை பார்க்கும் கல்லூரியைப் பற்றி. கடைசியாக, கந்தர்வக்கோட்டையில் அப்பாவுக்கு முந்திரித் தோப்பு இருப்பதைப் பற்றி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் எக்கார்ட் லிண்ட்னர் எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் உரைக்கான மடிக்கணினி அவர் மடியில் இருந்தது. அது கண்ணில் படும்போதெல்லாம் அவள் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டாள்.

லிண்ட்னருக்கு எழுபத்திரண்டு வயது. பழைய கிழக்கு ஜெர்மனியில் ஒரு பாதிரியாரின் மகன். பாதிரியார் வீட்டுப் பிள்ளை என்பதாலேயே பல்கலைக்கழகத்தில் முதலில் இடம் தரவில்லை. இரண்டு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத்தான் இயற்பியல் படிக்கப் போனார். இருபத்தேழு வயதில், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய ஓர் அறிக்கையில் எண்கள் இட்டுக்கட்டியவை என்று தெரிந்து கையெழுத்துப் போட மறுத்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவரை வகுப்பறைப் பக்கமே விடவில்லை. பல்கலைக்கழக நிலவறையில் பழைய கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பெர்லின் சுவர் விழுந்த மறு வருடம்தான் பேராசிரியர் ஆனார். அவரை அறிமுகப்படுத்துகிற எவரும் அவர் போடாத அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை.

இளமதி அவருடைய கடைசி ஆராய்ச்சி மாணவி. கடுங்குளிரில் ஒரு படிகம் எப்படி வெப்பத்தைக் கடத்துகிறது என்று இருவரும் அளந்தார்கள். வரைபடக் கோட்டில் யாரும் எதிர்பாராத ஒரு பள்ளம் விழுந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவருக்கு அது ஓய்வுக்கு முன் கிடைத்த பெரும்பெயர். அவளுக்கு அதுதான் வேலை வாங்கித் தந்தது. கல்லூரி வாசலில் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள்.

நான்கு மாதத்துக்கு முன், எம்.எஸ்சி. மாணவர்களுக்குப் பயிற்சி தயாரிக்க அந்தப் பழைய கோப்புகளைத் திறந்தபோதுதான் அவள் பார்த்தாள். கருவிக்குள் இரண்டு வெப்பமானிகள் இருந்தன, பதினேழாம் எண், பத்தொன்பதாம் எண். ஒவ்வொன்றின் அளவையும் வெப்பநிலையாக மாற்றத் தனித்தனி அட்டவணை. பதினேழுக்குப் பத்தொன்பதின் அட்டவணையை அப்போது அவள் போட்டிருந்தாள். சரியான அட்டவணையைப் போட்டுக் கணக்கிட்டாள். பள்ளம் காணாமல் போய்விட்டது. கோடு நேராக, சாதாரணமாக இறங்கியது. திரும்பத் திரும்பக் கணக்கிட்டும் அப்படியேதான் வந்தது. அன்றிலிருந்து ஃபோன் அடித்தாலே அவளுக்குத் திடுக்கென்றது.

பேராசிரியரை விடுதியில் இறக்கிவிட்டு வந்தவள், கணவன் எழிலரசனிடம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள்.

"நாளைக்கு அவரு பேசப்போறதே அதப் பத்தித்தாங்க."

எழிலரசன் அவள் தட்டில் ரசம் ஊற்றினான். "அவரு வந்த மாதிரி போகட்டும். பெறகு மெயில் போட்டுக்க. ஒனக்கு இப்பத்தான் புரமோஷன் ஃபைல் நகருது."

"எங் காலேஜ் பிள்ளைங்க முன்னாடி பேசுவாரு. நா கீழ உக்காந்து கை தட்டணும்."

"பயமா இருக்கா?"

அவள் தலையாட்டினாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

காலை ஏழு மணிக்குக் குடுமியான்மலைக்குப் போனார்கள். இசைக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று லிண்ட்னர் கடிதத்திலேயே எழுதியிருந்தார். பாறையில் வரிவரியாக வெட்டியிருந்த எழுத்துகளுக்கு முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உரைக்கு இன்னும் நான்கு மணி நேரம். இளமதி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நம் கட்டுரை தவறு," என்றாள் ஜெர்மனில். "நான் செய்த தவறு."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அட்டவணை, எண்கள், நேர்க்கோடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. காருக்கு நடந்து போய், அவள் மடிக்கணினியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம். டிரைவர் நாகராசு ஜன்னலோரம் குனிந்தார்.

"மேடம், சாருக்கு எளநி வாங்கியாரவா? மொகம் ஒரு மாதிரி இருக்கே."

"வேண்டாண்ணே. செத்த அங்கிட்டு நில்லுங்க."

லிண்ட்னர் கணினியை மூடினார். "எப்போது தெரிந்தது?"

"நான்கு மாதம்."

"இந்த நான்கு மாதத்தில் மூன்று ஊர்களில் இந்த உரையை நிகழ்த்திவிட்டேன்." குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மூடியின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டாம். உரையை முடித்துவிடுவோம். ஊருக்குப் போய் நிதானமாக எழுதுகிறேன்."

இளமதி காதில் விழுந்ததை நம்பாமல் அவரைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வார், முகத்தில் விழிக்காதே என்பார், இனி சிபாரிசுக் கடிதம் தரமாட்டார் என்றெல்லாம் நினைத்து நடுங்கியிருந்தாள். இதை நினைக்கவில்லை. அவருக்கும் பயம். பதினோரு வருடம் நிலவறையில் இருந்த மனிதருக்கு, வயதான காலத்தில், தன்னைப் பற்றி எல்லோரும் சொல்லும் அந்த ஒரே கதை கெட்டுவிடுமோ என்ற பயம்.

"என்னால் அங்கே உட்கார முடியாது, சார்." கெஞ்சுகிற குரலில்தான் வந்தது. "அந்தப் படத்தை நீங்கள் காட்டினால் நான் எழுந்துவிடுவேன். மன்னித்துவிடுங்கள்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அரங்கில் இருநூறு பேர். கல்லூரி முதல்வர் விஸ்வநாதன் வரவேற்புரையில் இளமதியின் பெயரை ஐந்து தடவை சொன்னார். அவள் முதல் வரிசையில், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். லிண்ட்னர் அரை மணி நேரம் நன்றாகப் பேசினார். பிறகு அந்த வரைபடம் திரையில் வந்தது.

அவர் திரையையே பார்த்தார். தண்ணீர் குடித்தார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளமதி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள்.

"இந்தப் படத்தை டாக்டர் இளமதி விளக்குவார்," என்றார் அவர் ஆங்கிலத்தில், அவள் எழுந்ததைப் பார்த்த பிறகு.

மேடைக்குப் போகும் ஆறு படிகளும் அவளுக்கு நினைவில்லை. ஒலிபெருக்கியில் தன் மூச்சு கேட்டது. தமிழிலேயே சொன்னாள். "இந்தப் பள்ளம் உண்மை இல்ல. நாந்தான் அட்டவணைய மாத்திப் போட்டுட்டேன். சார் மேல தப்பில்ல." லிண்ட்னருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் வந்து நின்று, கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகவும், சரிபார்க்காமல் விட்டது தன் தவறு என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். முதல்வர் முகம் இறுகியது. யாரும் கை தட்டவில்லை. பின் வரிசையில் ஒரு மாணவி, பெயர் இசைவாணி, கையை உயர்த்தி, சரியான அட்டவணையைப் போட்டால் கோடு எப்படி இருக்கும் என்று கேட்டாள். இளமதி பலகையில் வரைந்து காட்டினாள். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

அடுத்த வாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வுக் கோப்பு நின்றுபோனது. வாசலில் இருந்த படத்தைக் கழற்றினார்கள். எழிலரசன், நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மெமோவுக்குப் பதிலை அவன்தான் தட்டச்சு செய்து கொடுத்தான்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானது. அன்று லிண்ட்னரிடமிருந்து ஒரு சிறு மின்னஞ்சல் வந்தது. பழைய சகாக்கள் இரண்டு பேர் ஃபோன் செய்ததாகவும், தான் எடுக்கவில்லை என்றும், நாளைக்கு எடுக்கப்போவதாகவும் எழுதியிருந்தார். காரில் தான் சொன்ன யோசனைக்காக இன்னும் வெட்கப்படுவதாக ஒரு வரி.

இளமதி அதைப் படித்துக்கொண்டிருந்தபோது முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்து, அந்த அறிவிப்பைப் பற்றிப் பேச உடனே வரச் சொல்கிறார் என்றான். பழைய பயம் திரும்பியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.