வுங்கு பாலத்தில் நிற்கும் பஸ்கள்

வுங்கு பாலத்தின் பாதியில் பஸ் நின்றுவிடுகிறது. மழைத்துளிகள் கண்ணாடியில் வழியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துடைப்பான் பாதி சாய்ந்த நிலையில் நிற்கிறது. கீழே ஆறுகூட ஓடவில்லை. பவர் பட்டனை அழுத்திக் கணினியையே அணைத்தால்தான் அங்கிருந்து விடுதலை.

பத்தொன்பது பேர் அனுப்பிய பத்தொன்பது வீடியோக்களில் லிஸ்தியா இதைப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றிலும் அனுப்பியவர்கள் தங்களுக்குப் பிடித்த டாங்டுட் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் சாலாதிகா ஊரில் அவள் அறையிலிருந்த கணினியில் பஸ் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நூறு தடவை ஓட்டினாள், நூறு தடவையும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு தாண்டியது.

பஸ் ஓட்டும் அந்த விளையாட்டுக்குள் தேக்குக் காட்டு வழியே போகும் பழைய சாலையை ஒரு மோடாக, அதாவது விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்பாக, கட்டியவள் அவள்தான். பதினான்கு மாத வேலை. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு எண்பது பேர் வரிசையாக பஸ் ஓட்டும் வருடாந்திர ஊர்வலம் அந்தச் சாலையில்தான் நடப்பதாக இருந்தது. குழுவின் தலைவன், அவள் அண்ணன் முறையில் 'மாஸ்' என்று கூப்பிடும் டனார், சனிக்கிழமை காலையிலேயே போன் செய்துவிட்டான்.

"லிஸ், இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். எண்பது பேரும் பாலத்துல போய் நின்னா என்னைத்தான் கிழிப்பாங்க."

"அஞ்சுக்குள்ள கண்டுபிடிச்சிடுவேன் மாஸ்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. முடியலன்னா நாளைக்கு டோல் ரோடுதான்."

"அந்த டோல் ரோடா? அதுல ஒரு வளைவு கிடையாது மாஸ். போன வருஷம் பாதிப் பேர் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க."

"தூங்கினாங்க. ஆனா போய்ச் சேர்ந்தாங்க."

அவள் எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். என்னதான் செய்யாமல் விட்டாள்? ஒவ்வொருவரிடமும் இருந்த மோட்களில் பாதியை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னாள். நின்றால் மீதியில் பாதி, நிற்காவிட்டால் எடுத்ததில் பாதி. ஆறேழு சுற்றில் குற்றவாளி தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்கு பிடிபடவேயில்லை. ஒருவனுக்கு திங்கட்கிழமை நின்ற பஸ், அதே பட்டியலோடு செவ்வாய்க்கிழமை தாண்டியது. கேம் சாகும்போது எழுதிவைக்கும் குறிப்பும் பாலத்துக்கு முன்னால் ஒரு வார்த்தையின் நடுவிலேயே அறுந்துவிடும். "கடைசியா என்ன அழுத்தினீங்க?" என்று எல்லாரையும் கேட்டாள். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: ஒண்ணும் அழுத்தல.

குழுவில் கிண்டல் வேறு. நிஜப் பாலத்தை அனுமதி கேட்காமல் ஆயிரத்து இருநூறு படம் எடுத்தாளே, அங்கே கண்ணுக்குத் தெரியாம இருக்கறவங்க சும்மா விடுவாங்களா என்று ஒருவன் எழுதினான். கீபோர்டுக்குப் பூ போடு என்றான் இன்னொருவன். எல்லாரையும்விட அதிகம் வம்புக்கு இழுத்தது 'ஸ்டெப்னி' என்ற பெயரில் வருபவர்தான். பன்னிரண்டு மணிக்கு அவரிடமிருந்து மறுபடி ஒரு செய்தி: "வண்டி பாலத்துல நின்னுடுச்சு. இறங்கித் தள்ளவா?"

அவள் எழுதினாள்: "உங்க வீடு எங்க?"

"அம்பராவா. ஏன், அடிக்க வர்றியா?"

"ஆமா."

லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். ஏரிக்கரையில் படகுக்காரர்கள் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் நின்றிருப்பாள். இன்று தண்ணீர் அசைகிறதா என்று மட்டும் பார்த்தாள். அசைந்தது. ஒரு வாரமாக எதைப் பார்த்தாலும் முதலில் அது அசைகிறதா என்றுதான் பார்க்கத் தோன்றியது.

ஸ்டெப்னியின் நிஜப் பெயர் சுகெங். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், மரியாதையாக 'பாக்' என்று கூப்பிட வேண்டிய வயது; மர லாரியில் கிளீனர். இடது கால் முழங்கால்வரை மாவுக்கட்டில் இருந்தது. அயர்ன் பண்ணும் பலகையில் ஸ்டியரிங்கைத் திருகி மாட்டியிருந்தார். உள்ளறையில் குழந்தை தூங்குவதால் காதில் பெரிய ஹெட்போன்.

"கட்டை எடுத்துட்டு வரலையா?" என்று மெதுவான குரலில் கேட்டார்.

"முதல்ல ஓட்டிக் காட்டுங்க பாக். அடி அப்புறம்."

அவர் ஓட்டினார். அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் திரையையே பார்த்தாள். காடு, வளைவு, மழை, பாலம். நின்றது. மறுபடி ஆரம்பித்து ஓட்டினார். மறுபடியும் அதே இடம். மணி மூன்றாகிவிட்டது. அவர் தட்டு நிறைய சூடான சோயா தெம்பே வறுவலை நீட்டினார். அவள் ஒன்றை எடுத்துக் கடிக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பட்டன் அழுத்தினீங்க?"

"ஒண்ணும் அழுத்தலையேம்மா. எத்தனை தடவை சொல்றது?"

மூன்றாவது தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. அது எப்படியும் உறையப்போகிறது, அதில் பார்க்க இனி என்ன இருக்கிறது? அவருடைய கைகளைப் பார்த்தாள். பாலம் வருவதற்குச் சற்று முன்னால் அவருடைய இடது கட்டைவிரல் ஸ்டியரிங்கின் நடுவில் மூன்று தடவை தட்டியது. கதவைத் தட்டுகிற மாதிரி.

"இப்ப ஹாரன் அடிச்சீங்க."

"நானா? அடிக்கலையே."

"மூணு தடவை அடிச்சீங்க பாக். கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

சுகெங் தன் விரலையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அட, அது வுங்கு பாலம்மா. அடிக்காம எப்படிப் போறது? அங்க இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தானே போகணும். இருபது வருஷமா நிஜ லாரியில போறேன், ஒரு நாளும் டிரைவர் அடிக்காம தாண்டினதில்ல."

"இது கேம் பாக்."

"கேம்னா? மரியாதை வேண்டாமா?"

"சரி, ஒரே ஒரு தடவை அடிக்காம தாண்டுங்க."

"என்னால முடியாது. வேணும்னா நீ ஓட்டு."

அவள் ஓட்டினாள். எப்போதும் போல ஹாரனைத் தொடவில்லை. அந்தப் பாலத்தின் ஒவ்வொரு ஆணியையும் வைத்தவளே அவள்தான். அவள் யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது? பஸ் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனது. சுகெங் திரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அவளுக்காக மன்னிப்புக் கேட்டிருப்பார்.

அவள் தரையில் உட்கார்ந்து போனில் செவ்வாய்க்கிழமைக்காரனைக் கேட்டாள். அன்னைக்கு எப்படி ஓட்டினே? பதில் உடனே வந்தது: சாப்பிட்டுக்கிட்டே ஓட்டினேன் அக்கா, ஒரு கைலதான். ஹாரனுக்குக் கை இல்லை; மற்றவர்களின் வீடியோக்களில் ஹாரனை அந்தப் பாட்டுகள் மூடியிருந்தன.

சாலையோரத்துப் பிள்ளைகள்! அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்காரரைப் பாட்டு ஹாரன் அடிக்கச் சொல்லிக் கெஞ்சும் கூட்டத்தை அவள் ஆசை ஆசையாகச் செய்து வழிநெடுக நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் ஹாரன் கேட்டால் குதித்துக் கத்துவார்கள். அந்தக் கத்தல் சத்தத்துக்கு அவள் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஹாரன் ஃபைலையே நகலெடுத்துச் சத்தத்தை மட்டும் மாற்றியிருந்தாள். அதனால் கேம் அந்தக் கத்தலையும் ஹாரன் என்றே எடுத்துக்கொண்டது. மற்ற இடங்களில் ஒரே ஒரு கூட்டம், தன் குரல் தனக்குக் கேட்காது, தொந்தரவில்லை. பாலத்துக்கு மட்டும் அழகாக இருக்கட்டும் என்று இரண்டு முனையிலும் நிறுத்தியிருந்தாள். இந்தக் கரை கத்த, அது ஹாரனென்று அந்தக் கரை கத்த, அதைக் கேட்டு மறுபடி இந்தக் கரை. ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை. கணினி மூச்சு முட்டி நின்றுவிட்டது. மழை நின்று, ஆறு நின்று எல்லாம் உறைந்த பிறகும், யாருக்கும் கேட்காமல் அந்தப் பிள்ளைகள் ஆற்றுக்குக் குறுக்கே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

மணி நான்கு பத்து. லேப்டாப்பைத் தரையிலேயே திறந்தாள்.

"ஒரு பக்கத்துப் பிள்ளைங்களை எடுத்துடேன்," என்றார் சுகெங். "சீக்கிரம் முடிஞ்சிடும்."

"எந்தப் பக்கம்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "கிழக்குல வேண்டாம். அங்க ஒரு சிவப்புச் சட்டைக்காரன் நல்லா குதிக்கிறான்."

"அப்ப மேற்கு?"

"அங்க ரெட்டைப் பின்னல் பொண்ணு ஒண்ணு இருக்கே."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க பாக்."

கத்தலுக்குத் தனி வகை எழுதினாள். பஸ்ஸின் ஹாரனுக்கு மட்டும் குதி, வேறு எதற்கும் குதிக்காதே. ஒரு எழுத்துப் பிழை, கேம் திறக்கவே மறுத்தது. திருத்தினாள். முழு மோடையும் அனுப்பப் பார்த்தால் சிக்னல் இரண்டு கோட்டைத் தாண்டவில்லை. நான்கு ஐம்பதுக்கு நூற்றில் ஏழு பங்குதான் ஏறியிருந்தது. நிறுத்திவிட்டு, மாற்றிய சின்ன ஃபைலை மட்டும் டனாருக்கு அனுப்பினாள்; ஹாரன் அடிக்காததால்தான் தனக்கு நிற்கவில்லை என்று கூடவே ஒரு வரி எழுதினாள். நான்கு ஐம்பத்தாறு.

டனார் போன் செய்தான். "போட்டுட்டேன். ஓட்டறேன். பேசாம இரு."

அவள் போனை ஸ்பீக்கரில் வைத்தாள். எஞ்சின் இரைச்சல் இலேசாகக் கேட்டது. வளைவுகளை அவள் மனதுக்குள் எண்ணினாள்.

"பாலத்துக்கிட்ட ஹாரன் அடிங்க மாஸ்."

"அடிக்காம போவேனா? நான் என்ன உன்னை மாதிரியா?"

ஹாரன் மூன்று தடவை. பிள்ளைகள் கத்தினார்கள். அக்கரையிலிருந்தும் ஒரு கத்தல் வந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

"மாஸ்?"

சுகெங் தெம்பேயை வாய்க்கருகே பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

"மாஸ், நின்னுடுச்சா?"

"நிக்கறேன்."

அவள் லேப்டாப்பை மறுபடி தன் பக்கம் இழுத்தாள்.

"எதிர்ல தேக்கு லாரி வருது. அவன் போகட்டும்," என்றான் டனார். "நீ வெச்ச பாலத்துல ஒரு வண்டிதானே போக முடியுது?" கியர் விழும் சத்தம், பலகைகள் தடதடக்கும் சத்தம். "ம்... தாண்டியாச்சு. சரி லிஸ், நாளைக்கு ஒன்பது மணி. உன் ரோடுதான். எல்லாருக்கும் சொல்லிடறேன்."

சுகெங் சத்தமில்லாமல் கைதட்டினார். லிஸ்தியா போனை வைக்கவில்லை.

"இன்னொரு தடவை தாண்டுங்க மாஸ்."

"அதான் தாண்டிட்டேனே?"

"அந்தப் பக்கத்துல இருந்து ஒரு தடவை."

"இங்க எங்க திருப்பறது? அடுத்த ஊர் வரைக்கும் போய்த்தான் வரணும்."

"போயிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."