கடப்பா தீர்ந்துபோன காலை

துபாயிலிருந்து விடுப்பில் வந்த மீரா உசேன் சனிக்கிழமை திரும்ப வேண்டும். அதற்குள் கும்பகோணத்தில் அந்த நூறு வருஷத்து ஓட்டலில் ஒரு தடவை சாப்பிட்டே ஆகவேண்டும் என்று நின்றான். துபாயில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் துரைக்கண்ணு கும்பகோணத்துக்காரன். அந்த ஓட்டல் இட்லியையும், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைந்த கடப்பாவையும் பற்றி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

மனைவி ரசியா பேகத்துக்குப் போக மனமில்லை. அவன் வந்த நாளிலிருந்து விருந்தாளிகள் ஓயவில்லை. முந்தின நாள்தான் பதினாறு பேருக்கு ஆக்கிப்போட்டிருந்தாள். ஒரு நாள் படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது. ஆனாலும் விடியுமுன் எழுந்து மாமியாருக்குப் பசியாற இடியாப்பம் அவித்து மூடிவைத்தாள். ஏழு வயது ரிஃப்காவை எழுப்பி உடுத்தினாள். முத்துப்பேட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

மன்னார்குடியில் பஸ் மாறினார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. ரிஃப்கா வாந்தி எடுத்தாள். ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். ரசியா சுவரில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள்.

ஒருவழியாக இடம் கிடைத்து உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் சொன்னார்: “கடப்பா ஒம்பது மணிக்கே தீந்துபோச்சு சார். இனிமே ஞாயித்துக்கிழமைதான்.”

மீரா உசேனின் முகம் வாடிவிட்டது. இருப்பதைக் கொண்டுவரச் சொன்னான். இட்லியும் சாம்பாரும் வந்தன. வழக்கம்போல ரசியாவின் கை சாம்பார் வாளிக்குப் போயிற்று. பரிமாறுகிறவர் வாளியை நகர்த்திக்கொண்டார்.

“நீங்க சாப்பிடுங்கம்மா, நான் ஊத்துறேன்.”

அவள் சாப்பிட்டாள். நாலு தின்றதும், இன்னும் இரண்டு வைக்கவா என்று அவர் கேட்டார். தலையாட்டினாள். நிமிர்ந்தபோது கணவன் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க?”

“கல்யாணமாகி ஒம்பது வருஷம். நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல.”

ரசியா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான்.

“நான் சாப்பிடுறப்ப நீங்க தூங்கியிருப்பீங்க” என்றாள். அதில் குறையொன்றும் இல்லை, நடப்பதைச் சொன்னாள்.

கை கழுவும்போது மாமியாரின் போன் வந்தது. மீரா உசேனின் அக்கா புருஷன், மச்சான் ஜாஃபர் சாதிக் குடும்பத்தோடு வந்திருக்கிறாராம், மதியச் சோற்றுக்கு ரசியா எப்போது வருவாள் என்று கேட்டார். ரசியா பையைத் தூக்கினாள். மீரா உசேன் போனை வாங்கி, சாயந்தரம்தான் வருவோம், கடையில் பிரியாணி வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். அந்தப் பக்கம் சத்தம் கூடியது. முழுதும் கேட்டுவிட்டு வைத்தான்.

கடைத்தெரு சுற்றலாம் என்று புறப்பட்டவர்கள் மகாமகக் குளக்கரையில் நிழலைக் கண்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் ரசியா தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரிஃப்கா வாப்பாவின் மடியில் கிடந்தாள். அவன் அசையாமல் இருந்திருக்கிறான்; எழுந்தபோது காலை உதறிக்கொண்டே நடந்தான்.

வீட்டில் மச்சான் குடும்பம் இன்னும் போகவில்லை. மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரசியா புர்காவைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு தன் தட்டோடு அடுப்படியில் உட்கார்ந்தாள். மீரா உசேன் படுக்கப் போகாமல் எதிரில் வந்து உட்கார்ந்தான். ஏதேதோ பேசினான். அவளுக்குத்தான் கண் சொக்கியது, அவ்வளவு அசதி. மெல்ல மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.