உட்கார வைத்து எடுத்த அளவு

படகின் மேல்தட்டை ஒட்டுவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் மொத்தம் நான்கு பேர். தையல்கடைக்காரி, கடையிலிருந்து தூக்கி வந்த முக்காலியில். அவளுடைய அண்ணன், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில். அண்ணி, பசை வாடைக்குத் தலை வலிக்கும் என்று வாசலோர நாற்காலியில், பாதி உள்ளே பாதி வெளியே. நான்காவது ஆள் தையல்கடைக்காரியின் வீட்டுக்காரர். அவர் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற கயாக் அது. ஒட்டுப்பலகையை வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செப்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் பசை பூசிக் கட்டுவது. தைப்பதுதானே என்றுதான் அவள் துணிந்து இறங்கினாள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தெருமுனைக் கடைக்குப் போகவும் கைத்தடி வேண்டியிருந்தது. “தண்ணியில தடி வேணாம்ல” என்று டிவியைப் பார்த்தபடி அவர் ஒருநாள் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். மழை பிடித்துவிட்டால் ஏரியில் யாரையும் இறங்க விடமாட்டார்கள். அதற்குள் அவரைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும்.

மேல்தட்டை இப்போதைக்கு நாடாவால் கட்டி வைத்திருந்தாள். டிரையல் பார்க்காமல் அவள் எதையும் முடித்ததில்லை.

“எப்படிங்க இருக்கு?”

“அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு.”

“தெச்சதே அவதானே மாப்பிள்ளை!” என்றான் அண்ணன். “பசையைக் கலக்கட்டுமா?”

அவள் வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். கடையில் சில பெண்கள் திரைக்குப் பின்னாலிருந்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி “சரியா இருக்குக்கா” என்பார்கள். மறுவாரம் விட்டுப்போன தையலோடு வந்து நிற்பார்கள்.

“பொறுண்ணா. ஏங்க, படகு கவுந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க. வெளிய வாங்க பாப்போம்.”

அவர் இரண்டு பக்கமும் கையை ஊன்றி உந்தினார். இடது கால் வழுக்கிக்கொண்டு வந்தது. வலது முழங்கால் மேல்தட்டுக்கு அடியில் முட்டி நின்றது. இன்னொரு தடவை உந்தினார். நெற்றி வியர்த்ததுதான் மிச்சம்.

“பாட்டில் கார்க்கைப் பிடுங்குற திருகிதான் கொண்டு வரணும் போல,” என்றான் அண்ணன்.

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. நாடாவை அவுங்க முதல்ல,” என்றாள் அண்ணி. அதற்குள் அவள் தலைவலியை மறந்து உள்ளே வந்திருந்தாள்.

மேல்தட்டைத் தூக்கியதும் தெரிந்தது. ஆபரேஷன் தழும்புக்குப் பக்கத்தில் தோல் சிராய்த்துச் சிவந்திருந்தது.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“போன வாரம் வெறும் அடித்தட்டுல உக்காந்தப்பவே. முட்டி விளிம்புக்கு மேல நின்னுச்சு.”

“வாயைத் திறந்து சொன்னா என்ன?”

“சொன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பே. மழை வந்துடும். ஒரு தடவை போயிட்டு வந்துட்டா போதும்னு நெனச்சேன்.”

“போயிட்டு வர்றதுல வர்றதும் இருக்குல்ல?”

அவர் சிராய்ப்பைத் தடவிக்கொண்டார். கோபப்பட அவளுக்கு வழியில்லை. அளவெடுத்தவள் அவள். கடைக்கு வருகிறவர்களை நிறுத்தி வைத்து நாடாவைச் சுற்றிப் பழகிய கை, இவரையும் நிறுத்தி வைத்தே உயரம், இடுப்பு, பாதம் எல்லாம் எடுத்தது. நிற்கும்போது அந்தக் கால் நேராகத்தான் தெரியும். கீழே உட்கார்ந்து நீட்டினால் முழுக்கப் படியாது, முழங்கால் மேடு தட்டி நிற்கும். இனி மேல்தட்டைத் தாங்கும் வளைவுச் சட்டங்களை உயரமாக வெட்ட வேண்டும். வளைவு கூடினால் பலகையின் அகலம் பத்தாது.

“புதுப் பலகை வாங்கணும்,” என்றாள். “துணி பத்தாது.”

அண்ணி வாசல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் தையல்கடைக்காரிக்குத் தன் தங்கை ஞாபகம் வந்தது. பலகை வெட்ட வரைந்த இதே காகித மாதிரியை, தன் வீட்டுக்காரருக்கு ஒரு படகு கட்டப்போகிற தங்கைக்கும் அனுப்பியிருந்தாள். முதல்தடவை கட்டுகிறோம், என்னென்ன பார்க்கணும், எழுது என்று தங்கை கேட்டும் இருந்தாள். இவள் உடனே போன் போட்டு, “பலகையில கை வைக்காதேடி!” என்று கத்தினாள்.

“அப்ப எப்படித்தான் வெட்டறது?”

அளவைப் போனில் சொல்லிவிடலாம். வளைவை எப்படிச் சொல்வது?

சாப்பிட்ட கையோடு வீட்டுக்காரரைச் சுவரோரம் தரையில் உட்கார வைத்தாள். படகில் போட்டுக்கொள்ளப்போகிற செருப்பைக் காலில் போடச் சொன்னாள். சுவரில் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, நீட்டிய காலையொட்டிப் பென்சிலை நகர்த்தினாள்.

“கூசுதுடி.”

“சிரிங்க. மூச்சை மட்டும் பிடிக்காதீங்க.”

பிறகு தையல் மெஷின் பலகையிலேயே வேறொரு தாளை வைத்துக் கடிதம் எழுதினாள்.

‘அன்புள்ள தங்கைக்கு, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு. மொத்தமாகக் கலந்தால் கப்பிலேயே சூடாகிக் கல்லாகிவிடும். கம்பியை ஒரேயடியாக முறுக்காதே, முதலில் எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு, முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார். படகு முறுக்கிக்கொண்டிருந்தால் அப்போதே தெரியும், பசை காய்ந்தபின் தெரிந்து பிரயோசனமில்லை. உன் வீட்டுக்காரரைத் தரையில் உட்கார வைத்து அளவெடு. கூட வைத்திருப்பது உன் மாமாவின் கால். எப்படி எடுப்பது என்று தெரிவதற்குத்தான், அதை வைத்து வெட்டிவிடாதே. மேல்தட்டை ஒட்டுமுன் ஆளை உள்ளே விட்டு வெளியே வரச் சொல். சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே.’

பழுப்புக் காகிதத்தை மடித்தபோது வளைவின் உச்சியில் மடிப்பு விழப் பார்த்தது. பிரித்து, கொஞ்சம் தள்ளி மடித்தாள். உறையின் வாயில் கோந்து தடவினாள். வீட்டுக்காரர் தன் கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்திக் கொடுத்தார்.

அண்ணனும் அண்ணியும் கிளம்பும்போது உறையை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அண்ணன் புதுப் பலகை வாங்கப் போகிற வழியில்தான் தபாலாபீஸ். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவர் ஒற்றைக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடி கொட்டகையில், மேல்தட்டில்லாத படகுக்குள் கிடந்தது.